பாதியில் நின்ற பச்சை

எங்கள் அடுப்படிச் சுவருக்கு மூன்று பெண்கள் மூன்று நிறம் சொன்னோம். அத்தைக்கு, வழக்கம்போலச் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்தால் போதும். எனக்கு க்ரீம். அக்காவுக்குப் பச்சை.

அத்தை என் மாமியார். அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. கோவில்பட்டியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே அடுப்பு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாக்குக் கடை நடத்தினார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. பதிந்துவைத்து வெகுகாலம் காத்திருந்த காஸ் அந்தக் கோடையில்தான் வந்து சேர்ந்தது. விறகடுப்பை இடித்து அள்ளிவிட்டு, கடப்பாக் கல்லைப் பதித்து, அதன்மேல் புது அடுப்பை வைத்த பிறகுதான் சுவர் எவ்வளவு கறுப்பு என்று எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அந்தச் சுவரை யாரும் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பெயிண்டர் அண்ணாச்சி ஒரு கலர் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மடிப்பு மடிப்பாக விரியும் அட்டை. அதை நான் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கையில் வைத்திருந்தேன். காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை என்று சுவரோடு வைத்துப் பார்த்தேன். க்ரீம் அடித்தால் மஞ்சள் தெறித்தது தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் துடைப்பது யார்? துடைத்தால் நிறம் போய்விடுமா? ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தபின் அதற்கு எதிராக என்னவெல்லாம் சொல்லலாம் என்று நானே யோசித்துக்கொண்டிருப்பேன். படித்த காலத்திலும் நான் இப்படித்தான். பரீட்சையில் சரியாக எழுதிய விடையை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறேன்.

அக்கா கார்டை ஒரே தடவைதான் பார்த்தாள். ஓர் இளம்பச்சையில் விரலை வைத்தாள்.

"இது."

"அடுப்படியில நின்னு சினிமாவா பாக்கப் போறிய? கலர் கலராக் கேக்கியளே" என்றார் அத்தை.

"தாளிச்சுட்டு நிமிந்தா கண்ணுக்குக் குளுமையா இருக்கட்டுமே அத்தை. சன்னலைத் திறந்தா என்ன தெரியுது? எதிர்வீட்டுச் செவரும் வெயிலும்தான்."

அக்கா அந்த வீட்டுக்கு எனக்குப் பல வருஷங்கள் முந்தி வந்தவள். குழந்தை இல்லை. நான் வந்த மறு வருஷமே பெற்றுவிட்டேன். என் மகள் அப்போது சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். பாதி நேரம் அக்காவின் இடுப்பில்தான் இருப்பாள். இதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எனக்கு மட்டும், எதையாவது வேண்டும் என்று கேட்க வாயெடுத்தால், உனக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே என்று யாரோ சொல்வதுபோல இருக்கும். அதனால் க்ரீமை விட்டுவிட்டேன். சுவருக்குப் பச்சை, பரண் விளிம்புக்கும் மேல்தளத்துக்கும் வெள்ளை, சன்னலுக்கும் கதவுக்கும் சாக்லேட் கலர் என்று முடிவாயிற்று. அத்தையும் சம்மதித்தார். "என்னமோ செய்யுங்க. நான் இன்னும் எத்தனை நாளைக்கு அங்கன நிக்கப் போறேன்" என்பது அவர் சம்மதிக்கிற விதம்.

பெயிண்டர் வந்து முதலில் கரியைச் சுரண்டினார். பிறகு குழிகளில் பட்டி வைத்து அடைத்தார். சுவர் முழுக்க வெள்ளைத் திட்டுகளோடு தேமல் விழுந்த முதுகு மாதிரி ஆனது. அப்புறம் வாசலில் வைத்துப் பச்சையைக் கலக்கினார். வெள்ளை டிஸ்டெம்பரில் சின்ன ட்யூபிலிருந்து சாயத்தைப் பிதுக்கி, குச்சியால் கலக்கி, கார்டோடு ஒப்பிட்டு, மறுபடி ஒரு சொட்டு விட்டு, மறுபடி கலக்கினார். அக்கா பக்கத்திலேயே நின்றாள். "இன்னும் கொஞ்சம் வெளிறட்டும் அண்ணாச்சி. போதும், போதும், இதுதான்."

சன்னல் சுவர் முடிந்து, அடுப்புச் சுவரில் பாதி தூரம் வந்திருந்தார். பின்கட்டில் அக்கா வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பெயிண்ட் வாசனை என்று நான் நினைத்தேன். செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினேன். அதற்குள் அத்தை போய் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நாள் தள்ளியிருக்கா?"

அக்கா என் கையிலிருந்த செம்பை வாங்கி, குனிந்தபடியே வாயைக் கொப்பளித்தாள். அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. நேராக அடுப்படிக்குள் வந்தார்.

"அண்ணாச்சி, எறங்குங்க."

"இந்தச் செவரை முடிச்சிருதேன் ஆச்சி. ஒரு மணி நேரந்தான்."

"ஒரு இழுப்புகூட வேண்டாம். பிரஷ்ஷை டின்னுல போடுங்க."

எங்கள் பக்கத்தில், வீட்டில் ஒருத்தி உண்டாகியிருந்தால் சுவரில் கை வைக்கக் கூடாது. இடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. பெயிண்டருக்கும் அது தெரியும். ஒரு நொடி விழித்தவர், சட்டென்று சிரித்துவிட்டார். "நல்ல சேதிதான ஆச்சி! நான் பாதி வேலையோட போறதுல இன்னைக்குத்தான் சந்தோசம்" என்று ஏணியை விட்டு இறங்கினார். டின் மூடியைக் காலால் மிதித்து அழுத்தி, பரணுக்குக் கீழே தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

அப்படி அந்தப் பச்சை, அடுப்புச் சுவரின் நடுவில், மேலிருந்து கீழாக ஒரு கோடாக நின்றது. சன்னல் பக்கம் முழுவதும் பச்சை. இந்தப் பக்கம் சுரண்டின கரி, பட்டித் திட்டுகள், அங்கங்கே பழைய நீலம்.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அரைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்துவிடும். பாலுக்கு உறைமோர் கேட்டு வரும் பக்கத்து வீட்டு மதினி அடுப்படி வாசலில் நின்றே கேட்டாள்.

"என்ன, பச்சை பாதியில நிக்கி? பெயிண்டர் கோவிச்சுட்டுப் போயிட்டாரோ, இல்ல வீட்டுல விசேஷமோ?"

அத்தை சிரிக்க மட்டும் செய்தார். மதினி என்னைப் பார்த்தாள். என் இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை. பிறகு அக்காவைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு உறை கேட்டும் கறிவேப்பிலை கேட்டும் வந்தவர்களுக்கு அளவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலை குனிந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். வெட்கம் என்று நினைத்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டு வந்த வாரத்தில், பிள்ளை அசையவில்லை என்று அக்கா சொன்னாள். முதலில் என்னிடம்தான் சொன்னாள். "ஒனக்கு இப்படி இருந்துச்சா? ஒரு நாள் பூரா சும்மா இருக்குமா?" இருக்கும் அக்கா, தூங்கும் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கலாமா என்று இன்றுவரை எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கே வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையின் துடிப்பு முன்னாலேயே நின்றிருக்கும், யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதாக என் கணவர் வந்து சொன்னார். ஆண் பிள்ளை. அக்காவை அங்கிருந்தே அவள் அம்மா வீட்டுக்கு, புதூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு, கூட்டிப்போய்விட்டார்கள்.

வீட்டில் அந்தச் சுவர் இருந்தது.

நாங்கள் அதற்கு முன்னால் நின்றுதான் சமைத்தோம். நானும் அத்தையும் அடுப்பைப் பார்த்தபடியே கரண்டியைத் தேடினோம், உப்பைத் தேடினோம், நிமிர்வதில்லை. மகள் மட்டும் பச்சை முடிகிற இடத்தில் நின்று, கோட்டின்மேல் விரலை வைத்து, எட்டுமட்டும் இழுத்து விளையாடுவாள். நான் அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விடுவேன். திரும்ப வருவாள்.

கார்த்திகை பிறந்ததும் அத்தை பேச்சை எடுத்தார். நான் ஊறவைத்த அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன்.

"பொங்கலுக்கு எப்படியும் வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். அதுக்கு முந்தி இதை முடிச்சிரு. அவ வாறதுக்குள்ள எல்லாம் ஒரே கலரா ஆயிரணும். வந்து நிக்கும்போது ஒண்ணும் கண்ணுல படக் கூடாது."

"எந்தக் கலர் அத்தை?"

"அந்தப் பச்சை வேண்டாம். ஒனக்கு அந்த மங்கின வெள்ளக் கலரு புடிக்குமில்ல? அதையே அடி. எல்லாத்தையும் மூடிரட்டும்."

களைந்த தண்ணீரைக் கீழே ஊற்ற மறந்து நின்றேன். நான் கேட்ட க்ரீம் எனக்குக் கிடைத்துவிட்டது. இப்படி.

கணவரிடம் கேட்டேன். "கலர்ல என்ன இருக்கு? அம்மா சொன்னதைச் செய்" என்றார். அவரும் அடுப்படிக்குள் வருவதைக் குறைத்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் வாசலில் நின்று கேட்பார்.

பெயிண்டர் வந்தார். வந்தவர் சுவரைப் பார்க்காமல், முதலில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆச்சி சொன்னதும் எறங்கிட்டேன் தாயி. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? அதுக்கப்புறம் ஒரு இழுப்பு இழுக்கல."

"தெரியும் அண்ணாச்சி. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"இல்ல, எம் பொஞ்சாதி கேட்டா. அதான்."

டாக்டரம்மா சொன்னதை நான் நம்பினேன். நான் படித்தவள், நம்பத்தான் வேண்டும். ஆனாலும் பெயிண்டர் அதைச் சொன்னபோது என் மனம் பின்னால் ஓடிப்போய், அத்தை நிறுத்துவதற்கு முந்தின நாட்களில் கரியைச் சுரண்டிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டதே.

பரணுக்குக் கீழிருந்து டின்னை இழுத்துத் திறந்தார். பச்சை வறண்டு, கண்மாய்ப் படுகை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு மூடினார். "இது செத்துப்போச்சு" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேற கலக்கிக்கிடலாம். அதே பச்சைன்னா அச்சு அசலா வராது தாயி, கைக் கலப்பு. க்ரீம்னா கவலையில்ல, முழுசா அடிச்சு மூடிரலாம்." பழைய கார்டையே மறுபடி என் கையில் கொடுத்தார்.

மறுபடி நானும் கார்டும். மூடிவிட்டால், அக்கா திரும்பி வந்து நிற்கும்போது அவளுக்கு என்ன தோன்றும்? அவள் படுக்கையிலிருந்து எழுவதற்குள் இந்த வீடு எல்லாவற்றையும் துடைத்துப்போட்டுவிட்டது என்று தோன்றாதா? மூடாமல் விட்டாலோ, காலையில் காப்பிக்குப் பால் காய்ச்சும்போதே அந்தக் கோடு அவள் கண்முன் நிற்கும். இரண்டில் எது குறைவாக வலிக்கும்? அத்தையிடம் கேட்க முடியாது. அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஒரு வாரம் இன்றைக்கு நாளைக்கு என்று பெயிண்டரை இழுத்தடித்தேன். கடைசியில், அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புதூர் பஸ் ஏறினேன். கார்டு கைப்பையில் இருந்தது.

பிள்ளையைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதற்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. விட்டுவிட்டுப் போனால் ஒளித்துவைத்ததாகும். கூட்டிப்போனால் காட்டப் போனதாகும். கடைசியில் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

வழியெல்லாம் ஈரம். கோடையில் வெடித்துக் கிடந்த கரிசல் முழுவதும் பாசிப்பயறும் உளுந்துமாகப் பச்சை பிடித்திருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தபோது மண் செருப்பில் அப்பி அப்பி, கால் ஒவ்வொன்றும் கல் கட்டியது போலக் கனத்தது. அக்கா வீட்டு வாசலில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கி நின்றன. அவள் அம்மா என்னைக் கண்டதும் வாயில் சேலையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா சீனியவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். மகள் ஓடிப்போய் மடியில் ஏறி மார்பில் சாய்ந்தாள். அக்கா முகத்தைச் சுளித்து, அவளை மெதுவாக நகர்த்தி, முழங்காலில் உட்காரவைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். பால் கட்டியிருக்கும். பிள்ளை இல்லை என்பது உடம்புக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. நானும் ஒரு பிடி காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தேன்.

"அத்தைக்கு மூச்சிளைப்பு எப்படி இருக்கு?"

"பரவால்ல அக்கா. மழைன்னா கொஞ்சம் கூடும்."

"அவிய சாப்பிடுதாவளா?"

"சாப்பிடுதாவ." அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைச் சொல்லவில்லை.

எதற்காக வந்தேனோ அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குள் மகள் என் பையைக் கவிழ்த்து, கார்டை எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, பெரியம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா வந்தே?"

"இல்லக்கா… ஒங்களைப் பாக்கத்தான். இது பையிலயே கிடந்தது."

"பொய் சொன்னா ஒனக்குக் காது செவந்துரும். என்ன, அத்தை மூடச் சொல்லிட்டாவளா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கலராக ஆக்கச் சொன்னது, க்ரீம், டின் வறண்டுபோனது, பெயிண்டர் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நிறுத்தும்போது என்னை யாராவது கேட்டியளா?" என்றாள்.

"அக்கா?"

"நிறுத்தவான்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா அடிச்சு முடிங்கன்னு சொல்லிருப்பேன். இத்தனை வருஷம் கழிச்சு வந்துருக்கு, மூணு மாசம் தாண்டட்டும், யாருக்கும் தெரியாண்டாம்னு இருந்தேன். அவியகிட்ட மட்டுந்தான் சொன்னேன். பாதிச் செவரை அப்படியே விட்டுட்டு, வாறவ போறவ எல்லாம் அதைப் பாத்து, என் வயித்தைப் பாத்து… தண்டோரா போட்டிருந்தாக்கூட இவ்வளவு வெரசாப் போயிருக்காது. குனிஞ்சு குனிஞ்சு ஒக்காந்திருந்தேனே, பாத்தியா? வயித்தை மறைக்கத்தான்."

வெட்கம் என்றல்லவா நினைத்தோம்.

"கண்ணு பட்டுடுச்சுன்னு நெனைக்கீங்களா அக்கா? அதெல்லாம்…"

"நீ படிச்சவ. அப்படி ஒண்ணுமில்லன்னு சொல்லுவ." பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இன்னொண்ணு சொல்லுதேன். அத்தைகிட்ட சொல்லாத. சுரண்ட ஆரம்பிக்கும்போதே எனக்குத் தெரியும். செவரைத் தொடக் கூடாதுன்னும் தெரியும். சொன்னா நின்னு போகும், அந்தக் கரிக்குள்ளதான பிள்ளை தவழணும்னு வாயை மூடிட்டு இருந்தேன். பச்சையா இருந்தா அதுக்கும் நல்லா இருக்குமேன்னு…"

அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். முன்னாலேயே அப்படித்தான் இருந்திருக்கும், சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவள் தலையாட்டினாள். சின்னப் பிள்ளை சொல்வதற்குப் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

"எந்தக் கலர் அடிக்கட்டும் அக்கா?"

"அதே பச்சை."

"அச்சு அசலா வராதாம்."

"வாறது வரட்டும். க்ரீம் அடிச்சு மூடிட்டா, நான் பச்சை கேட்டதே தப்புன்னு ஆயிரும்." கார்டை மடித்து என் பைக்குள் அவளே வைத்தாள். "முந்தி அடிச்சதைத் தொடாண்டாம். மிச்சத்தை மட்டும் அடிக்கச் சொல்லு."

திரும்பும்போது வாசல்வரை வந்து, மகளின் செருப்பில் ஒட்டியிருந்த கரிசலைக் குச்சியால் நோண்டிவிட்டாள். "என்கிட்ட வந்து கேட்டியே, அது போதும்" என்றாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு கோவில்பட்டிவரை வந்தேன். பாதி வழியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டது நல்லதா, ஆறுகிற புண்ணைக் கிளறியதா?

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், "அக்கா பச்சைதான் சொன்னாங்க" என்றேன்.

"அவகிட்டப் போய்க் கேட்டியா? ஒன்ன யாருட்டி கேக்கச் சொன்னா?" அத்தைக்கு மூச்சு வாங்கியது. நான் அவருக்கு எதிர்வார்த்தை பேசிப் பழகியவள் இல்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன், நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் இறங்கியது. "எளச்சிட்டாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பச்சையே அடி" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

இந்தத் தடவை பெயிண்டர் கலக்கும்போது நான் நின்றேன். கொஞ்சம் வெளிறட்டும் என்றேன். வெளிறியதும் அதிகமோ என்றேன். இன்னொரு சொட்டு என்றேன். "தாயி, ஈரத்துல ஒரு மாதிரி, காஞ்சா ஒரு மாதிரி. எப்படி வருதுன்னு பாப்போம்" என்று குச்சியைக் கையில் வாங்கிக்கொண்டார். அடித்து முடித்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மறுநாள் காய்ந்த பிறகு பார்த்தால், புதுப் பச்சையில் மஞ்சள் ஏறியிருந்தது. கோடு போகவில்லை. முன்னைவிட மெல்லியதாக, ஆனால் அடுப்புக்கு நேர் மேலே, மேலிருந்து கீழாக, அப்படியே இருந்தது.

"முழுசா மேல ஒரு கோட்டிங் அடிச்சா ஒண்ணாயிரும்" என்றார் பெயிண்டர். அது உண்மை. முந்தி அடித்ததைத் தொட வேண்டாம் என்று அக்கா சொன்னதும் உண்மை. வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டு, சரியாகச் செய்தேனா என்று அக்கா வரும்வரை கவலைப்பட்டேன்.

பொங்கலுக்கு முந்தி அண்ணன் போய் அக்காவைக் கூட்டிவந்தார். வந்ததும் காலைக் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குத்தான் வந்தாள். அத்தை வாசல்படியில் நின்றார். நான் உள்ளே நின்றேன். அக்கா சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு பச்சையும் ஒட்டலக்கா. முழுசா ஒரு கோட்டிங் அடிக்கச் சொல்லட்டுமா?"

"எது அன்னைக்கு அடிச்சது?"

அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நான் சன்னல் பக்கத்தைக் காட்டினேன். அவள் அதில் உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் கையை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு, "அரிசி போட்டாச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, "போட்டாச்சு, போட்டாச்சு, நீ ஒக்காரு" என்றார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு உண்டாகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பொங்கல் நெருங்குகிற நேரத்தில், எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னும் உறுதியில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லக் கூடாத ஓர் ஆளிடம் சொல்கிறோமே என்று பயந்துகொண்டே, அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பெயிண்டர் அண்ணாச்சி ஏணியும் டின்னுமாக வந்து நின்றார். அத்தைதான் வரச் சொல்லியிருந்தார். இந்த வருஷமாவது அடுப்படியை ஒரே கலராக்கிவிட வேண்டும் என்று அவருக்கு. ஏணியை உள்ளே கொண்டுவருவதற்குள் அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இந்த வருஷம் வேண்டாம் அண்ணாச்சி. அத்தைக்கு இளைப்பு கூடியிருக்கு. சுண்ணாம்பு வாசமே ஆகல."

"ஆச்சிதான தாயி வரச் சொன்னாவ?"

"அவிய அப்படித்தான் சொல்லுவாவ. ராத்திரி இருமுறது நாங்கதான கேக்கோம். அடுத்த வருஷம் பாப்போம்."

அவர் ஏணியைத் திருப்பித் தோளில் வைத்துக்கொண்டு போனார். உள்ளே அத்தையிடம், அண்ணாச்சிக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்துவிட்டதாம், அப்புறம் வருவாராம் என்று சொன்னாள். அவளுக்குக் காது சிவக்கவில்லை. எங்கள் வீட்டில் எதுவும் தொடங்கவும் இல்லை, பாதியில் நிற்கவும் இல்லை. உறை கேட்டு வந்த பக்கத்து வீட்டு மதினி அடுப்படியை எட்டிப்பார்த்தாள். பழைய இரண்டு பச்சைகளைப் பார்த்தாள். உறையை வாங்கிக்கொண்டு போனாள்.

அக்கா அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, சன்னல் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காய் நறுக்க ஆரம்பித்தாள்.